கரையைத் தாண்டினால் அவுட்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு பேஸ்பால் வந்ததில் அமெரிக்காவுக்குப் பங்கில்லை. எங்கள் பி.டி. வாத்தியாரின் மூளைதான் காரணம். கபடியில் ஊருக்கு ஓர் அணி இருந்தது. கிரிக்கெட்டில் தெருவுக்கு ஓர் அணி. பேஸ்பாலுக்கு மாவட்டம் முழுக்கத் தேடினாலும் மூன்று நான்கு பள்ளிகள்தான் தேறும். பேர் கொடுத்தாலே பாதித் தூரம் போய்விடலாம் என்று அவர் கண்டுபிடித்தார். ஒரு மட்டை, இரண்டு பந்து, யார் கைக்கும் பொருந்தாத கையுறைகள், விதிகளின் நகல் கட்டு ஒன்று என்று எங்கிருந்தோ வாங்கி வந்தார். நகலில் ஒற்றைப்படைப் பக்கங்கள் மட்டுமே இருந்தன. ஆகவே நாங்கள் அந்த விளையாட்டைப் பாதி தெரிந்தும் பாதி ஊகித்தும் ஆடினோம்.

நான் ரைட் ஃபீல்டில் நின்றேன். மைதானத்தின் வலது ஓரம் அது. அங்கே பந்து வராது. பந்து வராத இடத்திலும் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்று ஒற்றைப்படைப் பக்கம் ஒன்றில் எழுதியிருந்ததால் எனக்கு அணியில் இடம் கிடைத்தது. நிற்பதற்கு ஈடாகப் பந்துப் பொறுப்பும் என்னிடம் கொடுக்கப்பட்டது. இரண்டு பந்தையும் ஆட்டம் முடிந்ததும் எண்ணி வாங்கி, துணிப்பையில் போட்டு, வாத்தியாரின் மேசையில் வைக்க வேண்டும். ஒன்று தொலைந்தால் பயிற்சி பாதி. இரண்டும் தொலைந்தால் பேஸ்பாலே இல்லை. எங்கள் வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ், வீட்டுத் தறி ஓடும் சத்தத்தில் எந்த மொழியும் கிடையாது, சைகைதான். இப்படி வளர்ந்தவன் தனக்கு ஒரு பொறுப்பு கிடைத்தால் அதை உயிராக நினைப்பான். நானும் நினைத்தேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம் அதுதான்.

என் சிநேகிதன் ஒருவன் பரளச்சிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவான். பிளஸ் ஒன்னில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் நாளே என்னை "மாப்ள" என்று கூப்பிட்டான். எனக்கு அக்கா தங்கை யாரும் இல்லை என்பதை விசாரிக்காமலே வைத்த உறவு அது.

அவனுடைய ஊரில் கிரிக்கெட் ஆடுவது கண்மாய்க்குள். வருடத்தில் பத்து மாதம் அதில் தண்ணீர் இருக்காது. மைதானம் என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஒரு பக்கம் கரை உயரமாக நிற்கும். கரைக்கு அந்தப் பக்கம் முழுக்கச் சீமைக் கருவேல மரம். உள்ளே போன பந்து திரும்புவது அபூர்வம். இருப்பதோ ஒரே பந்து. ஆகவே ஊர் கூடி ஒரு சட்டம் போட்டிருந்தது. பந்து கரையைத் தாண்டினால் அவுட். அடித்தவனே போய் எடுத்து வர வேண்டும். அதுவும் அடித்த கணமே. பந்து எங்கே இறங்கியது என்று அடித்தவன் கண்ணுக்குத்தான் தெரியும் என்பதால், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், மட்டையைப் போட்டுவிட்டு நேராக ஓட வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் முள்ளுக்குள் தடம் போய்விடும்.

இந்தச் சட்டத்தால் அந்தப் பக்கத்து மட்டையாளர்கள் எல்லோரும் பந்தைத் தரையோடு தடவிக் கொடுப்பவர்களாகவே வளர்ந்தார்கள். இவன் ஒருவன்தான் விதிவிலக்கு. போடுகிற பந்தெல்லாம் கரையைத் தாண்டும். அவுட் ஆவான். முள்ளுக்குள் நுழைவான். கையில் கீறலும் பந்துமாகத் திரும்புவான். முகத்தில் சின்ன வருத்தம்கூட இருக்காது.

"ஏலே, எத்தன ரன்னு அடிச்சே?" என்று திங்கட்கிழமை கேட்பேன்.

"ரன்னு இல்ல மாப்ள. ரெண்டு தடவ கரையத் தாண்டுச்சு."

இப்படிப்பட்டவனிடம்தான் ஒருநாள் பி.டி. வாத்தியார், எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே அடித்தால் அவுட் இல்லை, அதற்குப் பேர் ஹோம் ரன், ஆட்டத்திலேயே அதுதான் பெரிய அடி என்று சொன்னார். அவன் நம்பவில்லை. விதி நகலை வாங்கி அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தான். "நெசமாத்தான் போட்டிருக்கான் மாப்ள" என்றான். தண்டனைக் காலம் முடிந்து வெளியே வந்தவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

அவன் அடிப்பதை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. பள்ளியில் முப்பது வருடமாகத் தமிழ் வைத்துப் பிழைக்கிறவன் சொல்கிறேன், தெரியவில்லை. பெரிய உடம்பு கிடையாது. கைதான் நீளம். பந்து வரும்வரை சும்மா நிற்பான். பிறகு இடுப்பு திரும்பும். சத்தம் கேட்கும்போது பந்து ஏற்கனவே தூரத்தில் இருக்கும். அந்த இரும்பு மட்டையில் ஒரு "ணங்" வரும். இப்போதும் அருப்புக்கோட்டை பைபாஸில் டயர் கடைக்காரர் ரிம்மைத் தட்டுகிறபோது என் தலை தானாக நிமிர்ந்து மேலே பார்க்கிறது. மேலே ஒன்றும் இருப்பதில்லை. பக்கத்தில் நிற்கிறவரும் என்னமோ ஏதோ என்று நிமிர்ந்து பார்க்கிறார்.

பயிற்சியில் பந்து ரோட்டைத் தாண்டிப் போனால் அவனே ஓடி எடுத்து வருவான். யாரும் சொல்ல வேண்டியதில்லை. பந்துப் பொறுப்பில் இருந்த எனக்கு அது பெரிய நிம்மதி. பேஸ்பாலில் பந்து கோட்டைத் தாண்டினாலும், அடித்தவன் நான்கு மூலையிலும் உள்ள பேஸ்களை மிதித்துச் சுற்றி வந்தால்தான் ரன். அடித்துவிட்டு நான்கு பேஸையும் சுற்றி ஓடிப் பழகு என்று அவனுக்கு வாத்தியாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பயிற்சியில் எதற்கு வீணாக ஓட வேண்டும் என்று நினைத்திருப்போம்.

பிளஸ் டூவில் விருதுநகரில் மாவட்டப் போட்டி நடந்தது. அதிலிருந்து மாநில அணிக்கு ஆள் எடுப்பார்கள். பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, அவன் அப்பா போட்ட நிபந்தனையைச் சொன்னான்:

"லிஸ்ட்ல பேரு வந்தா மதுரையில காலேஜு சீட்டு கெடைக்குமாம். அப்படிக் கெடைச்சா படிக்க விடுறேன்னு அத்தா சொல்லிட்டாக. இல்லன்னா மாமாகூட கல்ஃப்புக்கு. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாச்சு."

"ஒனக்குப் போகப் பிடிக்கலையா?"

"எனக்கு இங்கதான் மாப்ள இருக்கணும்" என்றான். வெளியே ஒன்றுமே இல்லை. வெயில், செம்மண், நாலு ஆடு. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

போட்டியில் எங்களுக்கு எதிரே பந்து வீசியவனுக்குக் கை நிதானம் இல்லை. பேஸ்பாலில் ஒரு வசதி உண்டு. பந்து நான்கு தடவை அடிக்கக்கூடிய எல்லைக்கு வெளியே வந்தால், மட்டையை அசைக்காமல் நின்றவன் முதல் பேஸுக்குச் சும்மா நடந்து போகலாம். மட்டையைச் சுழற்றினால் கை அதிரும் என்ற பயத்தில் நான் எப்போதுமே அசைவதில்லை. ஆகவே அன்றைக்கு மூன்று தடவை நடந்துபோனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த தேர்வாளர்கள் மூவரும் என்னைப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டார்கள்.

கடைசி இன்னிங்ஸ். எங்களுக்கு இரண்டு பேர் அவுட். இன்னொருவன் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. நாங்கள் இரண்டு ரன் பின்னால். இரண்டாவது பேஸில் நான், முதல் பேஸில் இன்னொருவன். மட்டையோடு அவன் வந்தான். ஹோம் ரன் ஒன்று அடித்தால் மூன்று பேரும் சுற்றி வந்து ஜெயித்துவிடலாம்.

இரண்டாவது பந்து. "ணங்."

அது என் தலைக்கு மேலே போனது. நான் திரும்பிப் பார்த்தேன். மைதானத்தின் கோட்டைத் தாண்டி, அதற்குப் பின்னால் இருந்த மதில் சுவரையும் தாண்டியது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நான் பந்துப் பொறுப்பாளன். ஆட்டம் நடந்தது நாங்கள் கொண்டுபோன பந்தில்தான். காலையில் ஒன்றின் தையல் பிரிந்திருந்தது. மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். எனக்கு வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஏலே, பந்து! விட்ராத, எடு, எடு!"

அவன் மட்டையைக் கீழே வைத்தான். போடவில்லை, வைத்தான். முதல் பேஸ் பக்கம் திரும்பவே இல்லை. வானத்தைப் பார்த்தபடி நேராக ஓடி வந்தான். பந்து வீசியவனைக் கடந்து, என்னைக் கடந்து, கோட்டைக் கடந்து, சுவரில் இரண்டு கையும் ஊன்றி, அந்தப் பக்கம் குதித்துவிட்டான்.

அம்பயர் தன் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அவருடையதில் எல்லாப் பக்கமும் இருந்தன. பேஸுக்கு ஓடாமல் ஆட்டத்தை விட்டுப் போனவன் அவுட் என்று கையை உயர்த்தினார். மூன்றாவது அவுட். ரன் எதுவும் சேராது. தோற்றுவிட்டோம்.

பத்து நிமிடம் கழித்து அவன் வந்தான். சட்டை தோளில் கிழிந்திருந்தது. நேராக என்னிடம் வந்து பந்தைக் கையில் கொடுத்தான்.

"கெடைச்சிருச்சு மாப்ள" என்றான். சிரித்துக்கொண்டிருந்தான். பிறகுதான் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தான்.

பி.டி. வாத்தியார் தன் தொப்பியைக் கழற்றித் தன் தொடையிலேயே அடித்துக்கொண்டார். "ஏண்டா, நாலு பேஸத் தொட்டுட்டு அப்பறமாப் போயி எடுத்தா பந்து என்ன வேர் விட்ருமா?"

லிஸ்ட் சாயந்திரம் ஒட்டினார்கள். அவன் பேர் இல்லை. என் பேர் இருந்தது. 'பொறுமையான ஆட்டக்காரர்' என்று யாரோ எழுதியிருந்ததாக வாத்தியார் பின்னால் சொன்னார்.

மாநிலப் போட்டியில் மூன்று நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு நன்றாக இருந்தது. சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வைத்து மதுரையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டு கிடைத்தது. பேஸ்பால் ஆடித் தமிழ் இலக்கியம் படிக்கப் போனவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சங்கப் பாடல்களில் தலைவன் பொருள் தேடிப் பிரிந்து போகிற பகுதிகளைப் பேராசிரியர் நடத்தும்போதெல்லாம் எனக்கு அவன் ஏறிப்போன விமானம் ஞாபகத்துக்கு வரும். வகுப்பில் யாருக்கும் வராத ஞாபகம். அந்தத் தாளில் நான் முதல் மதிப்பெண் வாங்கினேன்.

அவன் அடுத்த வருடமே கல்ஃப்புக்குப் போய்விட்டான். கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவு. அந்த நாற்பதில் அத்தா அம்மாவுக்குக் கொஞ்சம், பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் கொஞ்சம், நரிக்குடி, திருச்சுழி என்று சொந்தக்காரர் வீடுகளுக்குக் கொஞ்சம், வீட்டு வேலைக்குக் கொஞ்சம் போக, எனக்குக் கிடைப்பது இரண்டு மதியம். அந்த இரண்டு மதியத்துக்காக நான் மிச்ச நாளெல்லாம் காத்திருந்திருக்கிறேன் என்று எழுதினால் என் மனைவி இதைப் படித்துவிட்டு என்ன கேட்பாள் என்று தெரியும். கேட்கட்டும். அப்படித்தான் இருந்தேன்.

அவன் இல்லாத நாட்களில் அவனைக் கதையாகச் சொல்ல ஆரம்பித்தேன். ஸ்டாஃப் ரூமில், கல்யாண வீட்டில், துக்கம் கேட்கப் போன துஷ்டி வீட்டில்கூட ஒரு தடவை. ஹோம் ரன் அடித்துவிட்டுப் பந்து பொறுக்கப் போனவன் கதை. சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. முதலில் பந்து மதில் சுவரைத் தாண்டியது. பிறகு பருத்திக் கிட்டங்கியைத் தாண்டியது. சமீபத்தில் ஒரு கூட்ஸ் வண்டியில் விழுந்து மானாமதுரைவரை போய்விட்டது. அவன் தண்டவாளத்தில் பின்னாலேயே ஓடினான். கேட்டவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கதையில் எல்லாவற்றையும் கூட்டினேன். ஒன்றை மட்டும் கழித்தேன். இரண்டாவது பேஸில் நின்ற ஆள் வாயே திறக்கவில்லை.

அவன் லீவில் வரும்போது அந்த இரண்டு மதியத்திலும் அவனிடமே அவன் கதையைச் சொல்வேன். "இப்ப எதுவரைக்கும் போயிருக்கு மாப்ள?" என்று கேட்பான். சொல்வேன். சிரிப்பான். அவன் சிரிக்கிறானே, பிறகென்ன என்று இருந்துவிட்டேன். விதி நகலில் இல்லாத இரட்டைப்படைப் பக்கங்களின் மேல் பழியைப் போடலாமா என்றும் சில வருடம் யோசித்தேன். ஹோம் ரன் ஒற்றைப்படைப் பக்கத்திலேயே இருந்தது. அவன் இரண்டு தடவை படித்த பக்கம்.

போன மாதம் அவன் மகளுக்கு அருப்புக்கோட்டையில் நிக்காஹ். விருந்தில் என்னை மாப்பிள்ளை வீட்டுக்காரர்களோடு உட்கார வைத்தான். எதிர் வரிசையில் மாப்பிள்ளையின் பெரியத்தா, அதாவது பெரியப்பா. பிரியாணி வந்ததும் அவர் கேட்டார்:

"சாரு, எங்க சம்பந்தி சின்ன வயசுல வெள்ளக்காரன் வெளையாட்டு ஆடுனாகளாமே? நீங்கதான் நல்லாச் சொல்லுவீகளாம்."

இப்படிக் கேட்டால் நான் இலையை மறந்துவிடுவேன். ஆரம்பித்தேன். கண்மாய், கரை, சட்டம், பஸ், மைதானம். அவன் தண்ணீர் ஜக்கோடு வரிசையில் வந்துகொண்டிருந்தான். என் பக்கத்தில் வந்ததும் நின்றான்.

"பந்து சுவரத் தாண்டிப் போகுது," என்றேன். "அத்தன பேரும் வாயப் பொளந்து பாக்குறாக. நம்ம ஆளு மட்டையக் கீழ வைக்கிறாரு..."

"மாப்ள, நடுவுல ஒண்ண விட்டுட்டே" என்றான்.

"என்னத்த விட்டேன்?"

"நீ கத்துனத."

பெரியத்தா இருவரையும் பார்த்தார். "என்ன கத்துனாக?"

அவன் என் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னான்: "சாரு செகண்ட் பேஸ்ல நின்னுக்கிட்டு, 'பந்த விட்ராத, எடு எடு'ன்னு கத்துனாக. நான் எடுக்கப் போனேன். சாருக்கு நல்ல தொண்டை. அதான் வாத்தியாராயிட்டாக."

பந்தி முழுக்கச் சிரித்தது. கூட்ஸ் வண்டிக்குக்கூட அப்படி ஒரு சிரிப்பு வந்ததில்லை. பெரியத்தாவுக்குப் புரையேறி, ஒருவர் தலையைத் தட்டினார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். இலையில் என்ன இருந்தது என்று ஞாபகமில்லை.

கை கழுவிவிட்டு மண்டபத்துக்குப் பின்னால் போனேன். சமையல் அடுப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். இன்னொரு நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினான்.

"அன்னைக்கிக் கேட்டுச்சா ஒனக்கு?" என்றேன்.

"விருதுநகருக்கே கேட்டுச்சு."

"பின்ன ஏம்லே இத்தன வருசமா வாயே தெறக்கல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்" என்றான். "ஒவ்வொரு லீவுக்கும் வாரப்ப நெனைப்பேன், இந்தத் தடவ சொல்லிருவான்னு. கதை நீளமாகும். அது மட்டும் வராது."

அடுப்புச் சாம்பலில் ஒருவர் தண்ணீர் ஊற்றினார். புகை எங்கள் பக்கம் வந்தது.

"நான் கத்தலன்னா பேஸுக்கு ஓடியிருப்பியா?"

யோசித்தான். என்னைச் சமாதானப்படுத்த யோசிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தான். "தெரியலலே. காலு அது பாட்டுக்குக் கெளம்பிருச்சு. ஆனா ஒரு எட்டு வச்சதும் சந்தேகம் வந்துச்சு. நிப்பமான்னு நெனைச்சேன். அப்பத்தான் நீ கத்துனே. சந்தேகம் போயிருச்சு."

இந்த நாளுக்காக நான் ஒரு மன்னிப்பு தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல தமிழ். மூன்று பத்தி வரும். வருடா வருடம் திருத்தி வந்தேன். அதில் ஒரு வரிகூட வாய்க்கு வரவில்லை.

"மன்னிச்சுரு" என்றேன்.

"சரி, விடு" என்றான். டீயைக் குடித்து முடித்தான். "காலேஜுக்குப் போயிருப்பேன்ல? அது உண்டு. அது இல்லன்னு சொல்ல மாட்டேன்."

நான் தலையாட்டினேன். பிறகு அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எதையோ தேடி, என் கையில் கொடுத்தான்.

கண் கூசும் வெயிலில் ஒரு காலி மனை. தூரத்தில் கிரேன்கள். கட்டம் போட்ட லுங்கியிலும் அரைக்கால் சட்டையிலும் பத்துப் பதினைந்து பேர். மட்டையோடு நிற்பவனுக்குத் தொப்பை இருக்கிறது, முன்மண்டையில் முடி இல்லை. பந்து வருகிறது. இடுப்பு திரும்புகிறது. போனின் சின்ன ஸ்பீக்கரிலும் அந்தச் சத்தம் அப்படியே இருந்தது.

"பிலிப்பைன்ஸ்காரப் பயலுக" என்றான். "கேம்ப்புல எங்ககூட இருக்கானுக. வெள்ளிக்கெழம காலையில ஆடுவோம்."

"எத்தன வருசமா?"

"நான் போயி மூணாவது வருசத்துல இருந்து."

எண்ணிப் பார்த்தேன். நான் அவனுடைய முடிந்துபோன ஆட்டத்துக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்த வருடங்கள் முழுக்க அவன் ஆடிக்கொண்டிருந்திருக்கிறான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் இங்கே எட்டாம் வகுப்புக்குப் புணர்ச்சி விதி நடத்திக்கொண்டிருந்தபோது, கடலுக்கு அந்தப் பக்கம் பந்து எங்கோ போய் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு வந்தது சந்தோஷமா பொறாமையா என்று பிரிக்கத் தெரியவில்லை. பொறாமைதான் கொஞ்சம் முந்தியது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே. ரெண்டு மதியம். ரெண்டுலயும் நீதான பேசுவே."

வீடியோவைத் திரும்ப ஓட்டினேன். அடித்ததும் அவன் ஒரு கணம் நிற்கிறான். கண் மேலேயே இருக்கிறது. உடம்பு நேராக முன்னால் சாய்கிறது. அப்போது சுற்றி நிற்கும் எல்லோரும், படம் எடுக்கிறவனும் சேர்ந்து, எனக்குத் தெரியாத மொழியில் கத்துகிறார்கள். அவன் திரும்புகிறான். முதல் பேஸ், இரண்டாவது, மூன்றாவது. தொப்பை குலுங்க, முட்டி வலியோடு, மெதுவாக, ஒன்றையும் விடாமல் மிதித்து வருகிறான்.

"என்ன கத்துறாக?" என்றேன்.

"ஓடுங்குறானுக," என்றான். "இப்பவும் நான் அடிச்சா நின்னுருவேன். அவனுகளுக்குத் தெரியும். அதனால எல்லாரும் சேந்து கத்துவானுக."

உள்ளிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். போனை வாங்கிக்கொண்டு எழுந்தான். அதை எனக்கு அனுப்பச் சொன்னேன். மண்டபத்தில் சிக்னல் இல்லை, கேம்ப்புக்குத் திரும்பிப் போய் அனுப்புகிறேன் என்றான். இந்தத் தடவை மகள் கல்யாண வேலையில் எனக்கு ஒரு மதியம்கூட மிச்சமில்லை. அந்த டீ நேரம்தான் கிடைத்தது.

அவன் போய் மூன்று வாரமாகிறது. இன்னும் அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை முதல் பீரியடில் போனை மேசையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறேன். அவனிடம் ஞாபகப்படுத்தலாம்தான். ஏற்கனவே ஒருமுறை அவனை எடுக்கச் சொல்லிக் கத்தியவன் நான். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.